கரிசலா செம்மண்ணா, சாணமா சோறா: எல்லையோர வீட்டுக்கு எந்தக் கோபர் கேஸ்?

வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழக–கேரள எல்லையில், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல் நெடுக மாடு கட்டாத தோட்டம் குறைவு. சாணம் இருக்கிறது, தென்னைக்கு உரம் வேண்டும், சிலிண்டருக்குக் கொடுக்கிற காசு கசக்கிறது. கோபர் கேஸ் போடலாம் என்பதில் யாருக்கும் தயக்கமில்லை, எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம். கடைக்காரர் ஃபைபர் டிரம்மைக் காட்டுவார். கொத்தனார் செங்கல் கூண்டைச் சொல்வார். யூடியூபைத் திறந்தால் பலூன் பை வரும்.

மூன்றிலும் அடுப்பு எரியும். மூன்றிலும் உள்ளே வேலை செய்வது காற்றில்லாத இடத்தில் வாழும் அதே நுண்ணுயிர்கள்தான். வாயுவை எங்கே பிடித்து வைக்கிறோம், எந்த அழுத்தத்தில் அடுப்புக்கு அனுப்புகிறோம், தொட்டியைச் சுற்றியுள்ள மண் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதனால் எது அதிக கேஸ் தரும் என்ற கேள்வியோடு கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் தவறானதை வாங்கிக்கொண்டு வருவார். தினமும் உள்ளே போடப்போவது என்ன, கரைக்கத் தண்ணீர் உண்டா, தோட்டத்து மண் எது, வெளியே வரும் கரைசல் எங்கே போகும் என்ற நான்கையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே அளவுக்கு இரண்டு அர்த்தம்

ஒப்பிட உட்காருமுன் ஒரு சிக்கலை அவிழ்த்துவிடுவோம். சாணக் கலன்களில் ‘2 கன மீட்டர் பிளான்ட்’ என்றால் ஒரு நாளைக்கு 2 கன மீட்டர் வாயு தரக்கூடியது என்று பொருள். கேரளத்தில் வீட்டுக்கழிவுக்கு விற்கும் ஃபைபர் கலன்களில் ‘1 கன மீட்டர்’ என்பது பெரும்பாலும் தொட்டியின் கொள்ளளவு. அது தரும் வாயு அதிகம் போனால் அதில் பாதிதான். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, இது பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்கள் பலர். விலை கேட்கும்போதே ‘தொட்டி எத்தனை லிட்டர், தினசரி வாயு எவ்வளவு’ என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி கணக்கு. ஒரு கிலோ பச்சைச் சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். 25 கிலோ சாணத்துக்கு 1 கன மீட்டர். நாள் முழுக்கக் கட்டிவைத்துத் தீனி போடும் கலப்பினப் பசு 10 முதல் 15 கிலோ சாணம் போடும். மேய்ச்சலுக்குப் போய்வரும் மாட்டின் சாணத்தில் பாதிதான் நம் கைக்கு வரும். சமையலுக்கு ஆளுக்குக் கால் கன மீட்டர் என்று வைத்தால் ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்றேகால், சுடுதண்ணீரையும் சேர்த்தால் ஒன்றரை. ஆக, கட்டுத்தறியில் நான்கு மாடு நின்றால் 2 கன மீட்டர் கலன் சரியான அளவு. 1 கன மீட்டர் வாயு ஏறத்தாழ 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம். தினம் ஒன்றரை கன மீட்டர் எரித்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று மூன்று வாரத்துக்கு மிச்சம்.

சாணமும் தண்ணீரும் சமபங்கு. 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர், மொத்தம் 100 லிட்டர். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் போன்ற வெப்பமான மாநிலங்களில் இந்தக் கரைசல் 30 நாள் உள்ளே தங்கினால் போதும். இமயமலை அடிவாரக் குளிரில் 55 நாள் வேண்டும். நமக்கு 100 லிட்டரை 30 ஆல் பெருக்கினால் 3,000 லிட்டர் தொட்டி.

இந்த 30 நாள் எங்கே தவறுகிறது என்று பாருங்கள். கட்டுத்தறியை ஹோஸ் பிடித்துக் கழுவுகிறோம். கழுவிய தண்ணீர் அத்தனையும் சாணத்தோடு வாய்க்கால் வழியாக நேராகத் தொட்டிக்குள் போகும்படி சரிவு வைத்துச் சிமென்ட் போட்டிருப்பார்கள். பார்க்க வசதியான ஏற்பாடு. ஆனால் 50 கிலோ சாணத்தோடு 250 லிட்டர் தண்ணீர் போனால் தினம் 300 லிட்டர் உள்ளே போகிறது, 300 லிட்டர் வெளியே வருகிறது. 3,000 லிட்டர் தொட்டியில் கரைசல் தங்குவது பத்தே நாள். மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுகிறவை. பெருகுவதற்குள் வெளியே அடித்துச் செல்லப்படும். சாணம் குறையவில்லை, கேஸ் மட்டும் பாதியாகிவிட்டது என்று வருகிற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வாய்க்காலைத்தான். சாணத்தை முதலில் கூட்டி அள்ளிக் கரைப்புத் தொட்டியில் போடுங்கள், கழுவும் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிடுங்கள். கரைத்த சாணம் கெட்டித் தோசைமாவுப் பதத்தில் இருக்க வேண்டும். மோராக இருந்தால் கெட்டது.

தண்ணீர்ப் பஞ்சம் வேறு கதை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் மழை மறைவு நிலம். பங்குனி, சித்திரையில் போர்வெல் இரைக்கும்போது 50 லிட்டரும் பெரிய அளவுதான். மாட்டு மூத்திரம், பால் கேன் கழுவிய தண்ணீர் (சோப்பு போடாதது), அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் கரைக்க உதவும். வெளியே வந்த கரைசலைத் தெளியவிட்டு, மேல்தண்ணீரை எடுத்து, வேண்டிய தண்ணீரில் பாதிவரை அதையே ஊற்றலாம். கோழி எருவும் சேர்க்கிறவர்கள் இந்தத் தெளிந்த நீரை அதிகம் சுற்றவிடக்கூடாது, அம்மோனியா ஏறி நுண்ணுயிரைக் கொல்லும்.

தீனபந்து: மண் சம்மதித்தால் இதுதான்

கொத்தனார் சொல்லும் செங்கல் கூண்டுதான் தீனபந்து. 1984-இல் அஃப்ரோ என்ற தொண்டு நிறுவனம் வடிவமைத்தது. அடியும் மேலும் வளைந்த செங்கல் கூண்டு, முழுக்க மண்ணுக்குள் இருக்கும். அசையும் பாகம் ஒன்றும் கிடையாது, துருப்பிடிக்க இரும்பும் இல்லை. வாயு குவிமாடத்தின் உச்சியில் சேரும்போது கரைசலை அழுத்தி வெளித்தொட்டிக்கு ஏற்றிவிடும். வால்வைத் திறந்தால் அந்தக் கரைசலே திரும்பி இறங்கி வாயுவை அடுப்புக்குத் தள்ளும். அதனால் காலையில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், 90 சென்டிமீட்டர் நீர்மட்டம் (அவ்வளவு உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்) வரைகூடப் போகும். சமைக்கச் சமைக்க இறங்கும். வால்வைக் காலையில் கால்வாசியும் கடைசியில் முழுசும் திறந்து பழக வேண்டும். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

2 கன மீட்டர் கலனுக்கு ஏறக்குறைய ஆயிரம் செங்கல், 12 முதல் 14 மூட்டை சிமென்ட் ஆகும். விலை மாதத்துக்கு மாதம் மாறும், இந்த எண்ணிக்கை மாறாது. இன்றைய விலையை வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள், கூலி தனி. சரியாகக் கட்டினால் இருபது வருடத்துக்கு மேல் தொந்தரவு தராது.

சரியாகக் கட்டினால் என்பதுதான் விஷயம். தண்ணீர்த் தொட்டி கட்டத் தெரிந்த கொத்தனாருக்குக் குவிமாடம் கட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீருக்கு ஒழுகாத பூச்சு வாயுவுக்கு ஒழுகும். செங்கலைக் குத்தவைத்து, சாரமில்லாமல், கொக்கியும் எடையும் கட்டிப் பிடித்து வட்டம் வட்டமாக ஏற்றுவது தனிக் கைப்பழக்கம். உள்பக்கம் ஒரே தடிமனாகப் பூசிவிட்டு வெளியே வரக்கூடாது. மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் சிமென்ட் பால் தேய்ப்பு, கடைசியில் வாயு புகாத பெயின்ட் வேண்டும். குறைந்தது பத்து நாள் நனைக்க வேண்டும். கொத்தனாரிடம் ‘மூன்று வருடத்துக்கு முன் கட்டியது ஒன்றைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். காட்ட இடமில்லாதவர் உங்கள் வீட்டில் கற்றுக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம்.

பணத்தின் கடைசித் தவணையைக் கசிவுச் சோதனை முடிந்த பிறகே கொடுங்கள். சாணம் போடுமுன், கேஸ் குழாயில் ஒளி ஊடுருவும் டியூபை யு வடிவில் வளைத்து, தண்ணீர் ஊற்றி மாட்டவும். வால்வைத் திறந்துவைத்து வெளித்தொட்டியின் அடிமட்டம் வரை தண்ணீர் நிரப்புங்கள். பிறகு வால்வை மூடி, மேலும் தண்ணீர் ஊற்றினால் உள்ளிருக்கும் காற்று இறுகும், யு டியூபில் நீர்மட்டம் ஏறும். அடையாளம் வைத்துவிட்டு மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். ஓரிரு சென்டிமீட்டர் இறங்கினால் பரவாயில்லை, வெப்பநிலை மாறினாலே அவ்வளவு ஆடும். கை அகலம் இறங்கினால் எங்கோ ஓட்டை. சாணம் நிரப்பிய பிறகு அந்த ஓட்டையைத் தேடுவது நரகம்.

இப்போது மண். கேரளத்தில் கரிசல் பார்க்க வேண்டுமென்றால் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்துக்குத்தான் வர வேண்டும். எல்லையை ஒட்டித் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கிப் பிளக்கும். தீனபந்து கூண்டின் பலமே சுற்றியுள்ள மண் நாலாபுறமும் சமமாக அணைத்துப் பிடிப்பதில் இருக்கிறது. அந்த அணைப்பு ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் விலகினால் குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விழும். தண்ணீர் ஒழுகாது, யாருக்கும் தெரியாது, கேஸ் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு: சித்திரை மாதம் நிலத்து வெடிப்பில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். முழங்கை நீளம் இறங்கினால் அங்கே செங்கல் கூண்டு வேண்டாம். கட்டியே தீர வேண்டுமென்றால் குழியைச் சுற்றிலும் இரண்டடி அகலமாக வெட்டி, கரிசலை அப்புறப்படுத்தி, கிராவல் மண்ணைப் போட்டு அரையடிக்கு ஒருமுறை இடித்து நிரப்ப வேண்டும். செலவு ஏறும், பயமும் முழுசாகப் போகாது.

செம்மண்ணும் சரளையும் உள்ள மேட்டுத் தோட்டம் தீனபந்துக்கு அருமையான இடம். மேற்கே போகப்போக, பாலக்காட்டு வயல்வெளிப் பக்கம், தொல்லை மாறுகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் இரண்டு முழத்துக்கு மேலே வந்துவிடும். காலியாக இருக்கும் கூண்டைத் தண்ணீர் படகு மாதிரி மேலே தூக்கும். அங்கே கட்டுவதானால் மாசி, பங்குனியில் கட்டி, மழைக்கு முன் கரைசல் நிரப்பிவிட வேண்டும்.

மிதக்கும் டிரம்: கண்ணுக்குத் தெரியும் கேஸ்

பழைய கோபர் கேஸ் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். 1960-களிலிருந்து காதி கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பிய வடிவம். கிணறு மாதிரித் தொட்டி, மேலே கவிழ்த்த டிரம். கேஸ் சேரச்சேர டிரம் ஏறும், எரிக்க எரிக்க இறங்கும். எவ்வளவு இருக்கிறது என்று அடுப்பங்கரையிலிருந்தே எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். டிரம்மின் எடைதான் அழுத்தம் என்பதால் கடைசிவரை ஒரே சுடர். தொட்டி நுண்விரிசல் விட்டாலும் கேஸ் போகாது, ஏனென்றால் கேஸ் இருப்பது டிரம்மில். கரிசல்காட்டுக்கு இதைச் சொல்வதன் காரணம் இதுவே.

இரும்பு டிரம் இதன் சாபம். கரைசலும் காற்றும் சந்திக்கும் கோட்டில், அதாவது டிரம் ஏறி இறங்கும் அந்த ஒரு சாண் பட்டையில், துரு தின்னும். வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு அதை வேகப்படுத்தும். வருடம் ஒருமுறை சுரண்டி பெயின்ட் அடித்தால் பத்து வருடம் தாண்டும், அடிக்காவிட்டால் பாதியில் ஓட்டை. இன்று புதிதாகப் போடுகிறவர் இரும்பு டிரம் வாங்க ஒரு நியாயமும் இல்லை. ஃபைபர் டிரம்மே போடுங்கள்.

ஃபைபர் டிரம்மில் வேறொரு வேடிக்கை. இலகுவாக இருப்பதால் அழுத்தம் வராது. ஒரு மீட்டர் விட்டமுள்ள டிரம்மில் 1 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தத்துக்கு ஏறக்குறைய 8 கிலோ எடை வேண்டும். பயோகேஸ் அடுப்புகள் 7, 8 சென்டிமீட்டருக்கு வடிவமைக்கப்பட்டவை. 15 கிலோ டிரம் இரண்டு சென்டிமீட்டர்கூடத் தராது. சுடர் சோம்பலாக மஞ்சளாக எரியும், ‘கேஸ் சரியில்லை’ என்று சாணத்தைக் குறை சொல்வோம். டிரம்மின் மேல் 40 கிலோவுக்குக் குறையாமல், எதிரெதிராகச் சமமாக, செங்கல்லோ மணல் சாக்கோ வையுங்கள். ஒரு பக்கமாக வைத்தால் டிரம் சாய்ந்து, அதை நேராக ஏறி இறங்க வைக்கும் வழிகாட்டிக் குழாயில் மாட்டி நின்றுவிடும்.

வாங்கும்போது நீர்ப்பட்டி உள்ள மாதிரியைக் கேளுங்கள். டிரம் கரைசலில் நேரடியாக மிதக்காமல், தொட்டியைச் சுற்றி ஓடும் இரட்டைச் சுவருக்கு நடுவே உள்ள தண்ணீரில் மிதக்கும். நாற்றமில்லை, வைக்கோல் துரும்பு டிரம்மைப் பிடிக்காது, விளிம்பில் கேஸ் கசிவதும் இல்லை. அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிடும். டெங்கு ஊரைச் சுற்றும் காலத்தில் சுகாதார ஊழியர் முதலில் எட்டிப் பார்க்கும் இடமே அதுதான். இரண்டு கரண்டி வேப்பெண்ணெயை மாதம் இருமுறை ஊற்றினால் தண்ணீர்மேல் படலம் கட்டும். கோடையில் பட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் கேஸ் புஸ்ஸென்று வெளியேறிவிடும், வாரம் ஒருமுறை நிரப்ப வேண்டும்.

மாடில்லாத வீட்டுக்கு

சிறிய ஃபைபர் கலன், அதாவது தொட்டி 1,000 லிட்டர், உணவுக்கழிவில் ஓடும் வகை. 5 கிலோ சமையலறைக் கழிவும் அதே அளவு தண்ணீரும் தினமும் போட்டால் அரை கன மீட்டர் அளவுக்கு வாயு வரும். ஒற்றைப் பர்னர் ஒன்றரை, இரண்டு மணி நேரம் எரியும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சாணத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். காரணம் எளிது: சாணம் மாட்டின் வயிற்றில் ஒருமுறை செரித்து மிச்சமானது, சோறும் பருப்பும் அப்படியே முழுசு.

இதைக் கேட்டதும் பை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். நான்கைந்து பேர் வீட்டில் தினம் 5 கிலோ கழிவு வராது. ஒன்று, ஒன்றரை கிலோ வந்தாலே அதிகம். அதற்குக் கிடைப்பது அரை மணி நேரச் சுடர், காலைக் காப்பிக்கும் பால் காய்ச்சவும் சரியாகப் போகும். ஆகவே மாடில்லாத வீட்டுக்கு இது கழிவை ஒழிக்கும் வழி, எரிபொருள் அதன் மேல் கிடைக்கும் கொசுறு. அப்படி நினைத்து வாங்கினால் ஏமாற்றமில்லை. மீன்கடைக்காரரிடமோ பக்கத்து மெஸ்ஸிடமோ தினம் ஒரு வாளி எடுத்துக்கொள்ள ஏற்பாடிருந்தால் கணக்கு மாறும். கழிவு ஒரு கிலோவுக்கும் குறைவென்றால் மண்புழுத் தொட்டியே போதும், கேஸை மறந்துவிடலாம்.

சாணக் கலன் மறதியைப் பொறுக்கும், சோற்றுக் கலன் பொறுக்காது. சாணத்தில் நுண்ணுயிரும் உண்டு, புளிப்பைத் தாங்கும் சக்தியும் உண்டு. சோற்றில் இரண்டும் இல்லை. கல்யாணம் காதுகுத்து என்று மிச்சமான ஒரு அண்டா சோற்றை ஒரே நாளில் கொட்டினால், அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஓட்டமாக ஓடும், மீத்தேன் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்க முடியாமல் பின்தங்கும், தொட்டி புளித்துவிடும். டிரம் வழக்கம்போல் ஏறும், ஆனால் அடுப்பு பற்றாது, ஏனென்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. வெளிவரும் கரைசலில் புளித்த கஞ்சி வாடை அடிக்கும். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும். 6.8 முதல் 7.5 வரை நல்லது. 6.5-க்குக் கீழே போனால் தீனியை அன்றே நிறுத்துங்கள். தினம் ஒரு வாளி சாணக் கரைசல் மட்டும் ஊற்றி, 1,000 லிட்டருக்கு 200 கிராம் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, இரண்டு நாள் பொறுத்து மறுபடி தாளை நனைத்துப் பாருங்கள். அவசரப்பட்டு ஒரு கிலோ சுண்ணாம்பு கொட்டினால் அடியில் இறுகும், நுண்ணுயிருக்கும் அதிர்ச்சி. ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் பாதிக் கரைசலை இறக்கிவிட்டு ஓடிக்கொண்டிருக்கும் சாணக் கலனிலிருந்து கொண்டுவந்து நிரப்ப வேண்டியதுதான்.

போடக்கூடாதவை: எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், ஊறுகாய், முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார், சிரட்டை, வாழைத்தண்டு நார், பினாயில் கலந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணத்தை ஒரு வாரம் தனியாகக் கொட்டுங்கள், அந்த மருந்து தொட்டிக்குள்ளும் தன் வேலையைச் செய்யும். கள் இறக்கும் ஊர்களில் புளித்துப்போன கள்ளை இதில் ஊற்றிப் பார்க்கும் ஆசை வருவதுண்டு. வேண்டாம், அது கலனுக்கும் போதைதான்.

பலூன் பை

நீளமான ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பையை மண் அகழியில் படுக்கவைப்பது. மிகவும் மலிவு, இரண்டு நாளில் போட்டுவிடலாம், குத்தகைத் தோட்டத்தில் இருப்பவர் கழற்றி எடுத்துப் போகலாம். ஆழம் வேண்டாம் என்பதால் பாறை தட்டும் இடத்துக்கும் ஆகும். இந்த வட்டாரத்தில் இதற்கு மூன்று எதிரிகள். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று, பாதி உப்பிய பையைப் படபடவென்று அடித்தே மடிப்பில் கிழித்துவிடும். பங்குனி வெயிலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும்போது நிழலில்லாத பை நொறுங்க ஆரம்பிக்கும். மூன்றாவது தேங்காய். தென்னந்தோப்புக்குள் பை போடுவது, விழும் தேங்காய்க்கும் மட்டைக்கும் இலக்கு வரைந்து வைப்பதுதான். (ஃபைபர் டிரம்மையும் மரத்தடியில் வைக்காதீர்கள், ஒரு நெற்றுத் தேங்காய் போதும் கீறல் விழ.) மேற்கே சுவரும் மேலே கூரையும் சுற்றி வேலியும் போட்டால் பை நிற்கும். அதற்கெல்லாம் ஆகும் செலவைக் கூட்டினால் மலிவு என்ற காரணம் பாதி போய்விடும்.

அப்படியானால் எது

கட்டுத்தறியில் நான்கு மாட்டுக்குக் குறையாமல், செம்மண் அல்லது சரளை நிலம், சொந்தத் தோட்டம், கைதேர்ந்த கொத்தனார். இவை நான்கும் சேர்ந்தால் தீனபந்து, வேறு யோசனை வேண்டாம். நான்கில் கொத்தனார் மட்டும் இல்லையென்றால்கூட நாங்கள் மிதக்கும் டிரம்முக்குத்தான் கை காட்டுவோம். கரிசல் நிலமும் நீர் ஊறும் வயலோரமும் நீர்ப்பட்டி வைத்த ஃபைபர் டிரம்முக்கே. இரண்டு மாடு மட்டும் இருந்தால் 1 கன மீட்டர் டிரம் போட்டு, வீட்டுக்கழிவையும் தினம் ஒரு கிலோ அதில் சேருங்கள். சாணம் அடித்தளமாக இருப்பதால் புளிக்காது, கேஸும் கூடும். எல்லாவற்றிலும் நல்ல கலவை இதுதான், ஏனோ குறைவாகவே செய்கிறார்கள். மெஸ், சிறு ஹோட்டல்களில் தினம் 25, 30 கிலோ கழிவு வந்தால் தொட்டி 5,000, 6,000 லிட்டருக்குக் குறையக்கூடாது, கழிவை அரைத்தே போட வேண்டும். 2,000 லிட்டர் போதும் என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம், மூன்றாம் மாதம் புளிக்கும்.

ஜெனரேட்டர் ஓட்டலாமா என்றும் கேட்பார்கள். 1 கன மீட்டர் வாயுவில் ஒன்றரை யூனிட் கரண்ட் எடுக்கலாம். 3 எச்.பி. எஞ்சினுக்கு மணிக்கு ஒன்றரை கன மீட்டர் வேண்டும். நான்கு மாட்டு வீட்டின் ஒரு நாள் வாயு ஒரு மணி நேர மோட்டாருக்குப் போய்விடும், சமையலுக்குச் சிலிண்டர் வாங்க வேண்டிவரும். பத்து மாட்டுக்குக் கீழே இந்தப் பேச்சே வேண்டாம். கரண்டுக்குக் கூரைமேல் சோலார், அடுப்புக்குச் சாணம்.

கரைசல் போகும் இடத்தைக் கலன் போடுமுன் முடிவு செய்யுங்கள். தினம் 100 லிட்டர் வெளியே வரும். தென்னை வட்டப்பாத்திக்கு வாய்க்கால் வழியாகப் பாய்ச்சி, மேலே மண்ணோ சருகோ மூட வேண்டும். வெயிலில் திறந்து காயவிட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். தொட்டியிலிருந்து அடுப்பு 20 மீட்டருக்குள் இருப்பது நல்லது. கேஸ் குழாயை ஒரே சரிவாக இழுத்து, தாழ்ந்த இடத்தில் டீ பைப்பு போட்டு, நீர் வடிக்க ஒரு டேப் வையுங்கள். சுடர் துள்ளித்துள்ளி எரிந்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது. எல்பிஜி அடுப்பை அப்படியே மாட்டினால் எரியாது, ஜெட் துவாரம் சிறிது. எல்பிஜிக்கு அதன் அளவைப்போல் 25 மடங்குக்கு மேல் காற்று வேண்டும், இதற்கு ஆறு மடங்கு போதும். பயோகேஸ் அடுப்பே தனியாக வாங்குங்கள்.

மானியம் உண்டு. மத்திய அரசின் 2021–26 தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில் 1 முதல் 25 கன மீட்டர் வரையான கலன்களுக்கு அளவைப் பொறுத்து உதவித்தொகை வைக்கப்பட்டது. கேரளத்தில் மாநிலத் துப்புரவு அமைப்பான சுசித்வ மிஷன் வழியாக உள்ளாட்சிகளும் வீட்டுக் கலன்களுக்கு ஒதுக்குகின்றன. முன்பணம் கொடுக்குமுன் பஞ்சாயத்தில் போய் இந்த ஆண்டு பட்டியலில் என்ன இருக்கிறது, எந்த மாதிரிக்கு, யார் போட்டால் கிடைக்கும் என்று கேளுங்கள். போட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள்.

கடைசியாக, முதல் நிரப்பல். 3,000 லிட்டர் தொட்டிக்கு 1,500 கிலோ சாணம் வேண்டும். நான்கு மாட்டுச் சாணம் ஒரு மாதம் சேர வேண்டும், அதற்குள் முதலில் சேர்த்தது காய்ந்துவிடும். அக்கம்பக்கத் தோட்டங்களில் சொல்லிவைத்து இரண்டு மூன்று நாளில் திரட்டி, மணலும் வைக்கோலும் இல்லாமல் கரைத்து ஊற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கலனிலிருந்து ஒரு பங்குக் கரைசலை, பத்தில் ஒன்றாவது, சேர்த்தால் வேகம் பிடிக்கும். பிறகு பத்து முதல் இருபது நாள் எதுவும் போடாமல் விடுங்கள். முதலில் நிறையும் வாயுவில் காற்றும் கார்பன் டை ஆக்சைடும் கலந்திருக்கும். எரியாது, எரிந்தாலும் ஆபத்து, ஏனென்றால் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும்போது வெடிக்கும். அதை இரண்டு முறை முழுசாகத் திறந்துவிடுங்கள், பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. மூன்றாவது முறை அடுப்பில், ஒருபோதும் குழாய் வாயில் அல்ல, பற்றவைத்துப் பாருங்கள். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் அன்றே ஆகட்டும். பிற்பாடு எப்போதாவது தொட்டியைச் சுத்தம் செய்ய நேர்ந்தால், எத்தனை நாள் திறந்து கிடந்தாலும், ஆளை உள்ளே இறக்காதீர்கள். அடியில் தங்கும் ஹைட்ரஜன் சல்பைடும் பிராணவாயு இல்லாத காற்றும் ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும், தூக்கப் போனவரையும் சேர்த்து. சகதி பம்பு வாடகைக்குக் கிடைக்கும்.